வீட்டில் எல்லோரும் பார்க்க, அதிகம் பேசப்படாத படங்களை டிவிடியில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டில் பழைய டிவிடி பிளேயர் இன்னும் நன்றாக ஓடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குடும்பமே உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பது வழக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்குத் துப்பறியும் கதை வேண்டும், அம்மாவுக்குக் குடும்பக் கதை, காலேஜ் படிக்கும் தம்பிக்குப் பேயும் சண்டையும், பாட்டிக்குப் பழைய படம். டிவியில் திரும்பத் திரும்பப் போடுகிற படங்கள் எல்லோருக்கும் அலுத்துவிட்டன. அதிகம் பேர் பார்க்காத நல்ல படங்களை ஒவ்வொரு வகையிலும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி.

பழைய வண்ணாரப்பேட்டையில் டிவிடி வாடகைக் கடை நடத்தியவன் நான். "அண்ணே, நல்ல படமா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதே வேலையாக இருந்தது. அதில் நான் கற்றுக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்: தெரிந்த ஆளின் தெரியாத படத்தைத் தேடுங்கள். முன்பின் கேள்விப்படாத ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தால் வீட்டில் யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். அதே படத்தை, "இது நம்ம அந்தப் படம் எடுத்தவர் எடுத்ததுப்பா" என்று சொல்லிப் போட்டால் உட்காருவார்கள். டிவிடி கவரின் முன்பக்கத்தில் நடிகர் முகம் மட்டும்தான் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்புங்கள். இயக்கம், ஒளிப்பதிவு, மூலக்கதை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அங்கே உங்கள் வீட்டுக்குப் பழக்கமான ஒரு பெயர் இருந்தால் அந்தப் படத்தை நம்பி வாங்கலாம்.

ஒரு உதாரணம். 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்' இரண்டும் உங்கள் வீட்டில் மனப்பாடமாகவே இருக்கும். இயக்கியவர் சிங்கீதம் சீனிவாச ராவ். அதற்கெல்லாம் பல வருடம் முன்னால், 1974இல், ராஜாஜியின் கதையை வைத்து 'திக்கற்ற பார்வதி' என்று ஒரு படம் எடுத்தார். லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தார்கள். வீணை சிட்டிபாபு இசை. குடி ஒரு ஏழைக் குடும்பத்தை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்பதுதான் கதை. வசனத்தை ஓங்கிப் பேசாமல், அழவைக்க அவசரப்படாமல் போகிற படம். சிரிக்கவைத்த அதே கைதான் இதையும் எடுத்தது என்று தெரிந்ததும் பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆர்வம் பிறக்கும். நம் பேட்டைகளில் குடியால் கெட்ட வீடுகளைப் பார்க்காதவர் யார்? அம்மாவும் பாட்டியும் கண்ணிமைக்காமல் பார்ப்பார்கள்.

இனி அப்பாவுக்கு. துப்பறியும் கதை என்றால் எஸ். பாலசந்தரிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. வீணை வித்வானாக உலகம் அறிந்தவர், சினிமாவில் செய்ததும் அதற்குக் குறைந்ததில்லை. 'அந்த நாள்' 1954இல் ஏவிஎம் தயாரித்து அவர் இயக்கிய படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டுக்காகவே ஜனம் தியேட்டருக்குப் போன காலத்தில் இப்படி ஒரு படம்! சினிமா ரசிகர்கள் இதை உச்சிமேல் வைத்துப் பேசுவார்கள், ஆனால் முழுசாகப் பார்த்த குடும்பங்களை நான் அதிகம் கண்டதில்லை. 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் கதை தொடங்குகிறது. ராஜன் என்ற ரேடியோ இன்ஜினீயர் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். சிஐடி அதிகாரி ஒருவர் வந்து ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் தன் பார்வையில் யாரோ ஒருவரைக் குற்றவாளியாக்கிக் கதை சொல்கிறார்கள். ஒரே கொலை, பல விதமாக நம் கண்முன் நடக்கிறது. ராஜனாக சிவாஜி, மனைவியாகப் பண்டரிபாய். சிவாஜி என்றால் உரத்த வசனம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் உங்கள் தம்பி இதில் அவர் அடக்கி வாசிப்பதைப் பார்க்கட்டும்.

இந்தப் படத்தைப் பாட்டியோடு சேர்ந்து பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யுத்த காலத்தில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் ஜனங்கள் பட்டணத்தை விட்டு ஊர் ஊராகக் கிளம்பிப் போனார்கள். துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கக் குடும்பங்களில் அந்தக் கதை இன்னும் இருக்கிறது. பாட்டி தன் அம்மா சொல்லிக் கேட்டதை நடுவில் சொல்லத் தொடங்கினால் படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். டிவிடியில் அந்த வசதி இருக்கிறதே.

அப்பாவுக்கு அது பிடித்துவிட்டால் அடுத்து அதே பாலசந்தரின் 'பொம்மை' (1964). விமானத்தில் போகும் ஒரு பெரிய மனிதரைக் கொல்ல, வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று தயாராகிறது. அது கைமாறிப் போய்விடுகிறது. யார் யார் கையிலோ ஏறி, தெருவுக்குத் தெரு சுற்றுகிறது. அந்தக் காலத்து மெட்ராஸ் தெருக்கள், கார்கள், கடைகள் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம். யேசுதாஸின் ஆரம்பகாலத் தமிழ்ப் பாட்டான 'நீயும் பொம்மை நானும் பொம்மை' இதில்தான் வருகிறது. படம் முடிந்ததும் ரிமோட்டைத் தொடாதீர்கள். திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்களைக் கேமரா முன்னால் கொண்டுவந்து அறிமுகப்படுத்துகிறார் பாலசந்தர். இன்றைக்கும் அபூர்வமான மரியாதை அது. அதற்கப்புறம் 'நடு இரவில்' (1970). தீவு போன்ற இடத்தில் ஒரு பங்களா, கூடியிருக்கும் சொந்தக்காரர்கள், ஒவ்வொருவராக விழும் பிணங்கள். அகதா கிறிஸ்டி நாவல் படித்தவர்களுக்கு அமைப்பு பழக்கமானதாக இருக்கும், ஆனாலும் சௌகார் ஜானகியின் நடிப்பு அந்தப் பங்களாவை நம்ம ஊர் பங்களாவாக்கிவிடுகிறது. வெளியே மழை பெய்யும் இரவில் போட்டுப் பாருங்கள்.

எண்பதுகளுக்கு வந்தால் மணிவண்ணன். 'அமைதிப்படை' இயக்குநராகத்தான் இன்று அவரைத் தெரியும். அவர் 1984இல் எடுத்த 'நூறாவது நாள்' பலரும் பார்த்திருப்பார்கள். அதே வருடம் வந்த '24 மணி நேரம்', 1986இல் வந்த 'விடிஞ்சா கல்யாணம்' இரண்டும் அவ்வளவு பேச்சில் இல்லை. இரண்டாவதை நான் அதிகம் சிபாரிசு செய்வேன். கல்யாண வீட்டையும் ஒரு கொலையையும் சேர்த்து முடிச்சுப் போட்ட கதை, சுஜாதாவின் அம்மா வேடம், விசாரிக்க வரும் சத்யராஜ். துப்பறியும் கதை கேட்கும் அப்பாவும் குடும்பக் கதை கேட்கும் அம்மாவும் சண்டையில்லாமல் சேர்ந்து பார்க்கக்கூடிய அபூர்வமான படம்.

அம்மாவுக்கு 'பாசமலர்' பிடிக்கும்தானே? பிடிக்காமல் இருக்காது. அதை எடுத்த பீம்சிங் தன் கடைசிக் காலத்தில் முற்றிலும் வேறு மாதிரிப் படங்களுக்கு வந்தார். ஜெயகாந்தன் கதைகள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்காக லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது, அதனால் அதன் பெயராவது காதில் விழுந்திருக்கும். அதே இயக்குநர், அதே எழுத்தாளர், அதே லட்சுமி–ஸ்ரீகாந்த் ஜோடி சேர்ந்த 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' (1978) அதன் நிழலில் மறைந்துவிட்டது. நாடக நடிகை கல்யாணி, அவளை மணக்கும் பத்திரிகையாளன் ரங்கா. இருவரும் நல்லவர்கள். வில்லன் யாரும் கிடையாது, மாமியார் கொடுமை கிடையாது. அவள் தன்னை நேசிக்கும் விதம் போதவில்லை என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். சீரியல்களில் சத்தமாகவே பார்த்துப் பழகிய புருஷன் பெண்டாட்டிச் சண்டை இங்கே இரண்டு பேர் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவதாக நடக்கும். முதல் அரை மணி நேரம் பொறுமை வேண்டும். அதற்கப்புறம் உங்கள் அம்மா கல்யாணி பக்கம் நிற்பாரா ரங்கா பக்கம் நிற்பாரா என்று பாருங்கள், அந்த விவாதம் திங்கட்கிழமை காலை வரை ஓடும்.

மகேந்திரனும் அம்மாவுக்கானவர்தான். 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' எல்லோருக்கும் தெரியும். சிவசங்கரி நாவலை வைத்து அவர் எடுத்த 'நண்டு' (1981) பலருக்குத் தெரியாது. வடக்கே இருந்து சென்னைக்கு வேலைக்கு வரும், உடம்பு சரியில்லாத ஒரு இளைஞன், இங்கே அவனுக்கு அமையும் அன்பு. 'அள்ளித் தந்த பூமி', 'மஞ்சள் வெயில்' இரண்டு பாட்டையும் ரேடியோவில் எத்தனையோ முறை கேட்டிருப்போம், எந்தப் படம் என்று யோசித்திருக்க மாட்டோம். இப்படிப் பாட்டு தெரிந்து படம் தெரியாதவை தமிழில் ஏராளம். தேடுவதற்கு அதுவும் ஒரு நல்ல வழி. இளையராஜா பாட்டுத் தொகுப்பு டிஸ்க் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்து, அதில் நீங்கள் பார்த்திராத படங்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்குப் பேய்ப் படம். பேய் என்றால் திடீர் சத்தம் என்று பழகிய வயசு, அதனால் கொஞ்சம் பக்குவமாகக் கொண்டுபோக வேண்டும். முதலில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). மறுபிறவிக் கதை. பாழடைந்த பங்களா, பழைய நினைவு திரும்பும் கதாநாயகன், தள்ளாத கிழவராக நம்பியார். தலைப்புப் பாட்டு படத்தில் வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் வேறு உணர்ச்சி. பயத்தை உண்டாக்குவது ஏ. வின்சென்ட்டின் ஒளிப்பதிவு. ஜன்னல் வழியே விழும் வெளிச்சம், முகத்தில் பாதி இருட்டு, அசையும் நிழல். கறுப்பு வெள்ளையில் இருட்டுக்கு எத்தனை நிறம் என்று அதில்தான் தெரியும். அதே வின்சென்ட் அடுத்த வருடமே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' படத்தை இயக்கினார். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் எழுதியது. பேய் குடியிருக்கும் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன், பேயை விரட்டப் பார்க்காமல் அதனோடு பேச ஆரம்பிக்கிறான். இந்த இரண்டையும் அடுத்தடுத்த வாரம் பார்த்தால், ஒரே மனிதர் தமிழில் ஒளிப்பதிவாளராகக் கற்றதை மலையாளத்தில் இயக்குநராக எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று கண்ணெதிரே தெரியும். கவரில் பொடி எழுத்தைப் படியுங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொன்று, 'பிள்ளை நிலா' (1985). இயக்கியது மனோபாலா. ஒல்லியாக வந்து சிரிக்கவைத்த அதே மனோபாலாதான். மோகன், ராதிகா, குழந்தையாக ஷாலினி. குழந்தைக்குள் ஆவி புகும் கதை. அந்தப் பெயரைச் சொன்னவுடன் உங்கள் தம்பி நம்ப மாட்டார், டைட்டிலில் காட்டிவிட்டுப் படத்தை ஓடவிடுங்கள்.

சண்டைக்கு ஜெய்சங்கரின் குதிரைப் படங்கள் இருக்கின்றன. ஒளிப்பதிவாளர் கர்ணன் தானே இயக்கி எடுத்தவை: 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972). கௌபாய் தொப்பியும் துப்பாக்கியுமாக நம்ம ஊர்ப் பொட்டல்காட்டில் குதிரைகள் புழுதி கிளப்பும். மூன்றும் பழிவாங்கும் கதைதான், கதையில் புதுமையை எதிர்பார்க்காதீர்கள். கேமரா எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் உதவி எதுவும் இல்லாத காலத்தில் ஓடும் குதிரைகளை அவ்வளவு பக்கத்தில் பிடித்திருக்கிறார். விஞ்ஞானக் கதை வேண்டும் என்றால் எம்.ஜி.ஆரின் 'கலை அரசி' (1963). வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து பாடத் தெரிந்த பானுமதியைக் கொண்டுபோகிறார்கள், தங்கள் உலகத்துக்குக் கலையைச் சொல்லிக்கொடுக்க! மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு ஆறு வருடம் முன்னால் தமிழில் யோசித்த கதை இது. பாட்டிக்கும் பேரனுக்கும் சேர்த்து ஒரு படம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

நகைச்சுவையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை எழுதிய கோமல் சுவாமிநாதனின் இன்னொரு முகம் 'நவாப் நாற்காலி' (1972). அதுவும் அவருடைய நாடகம்தான், சி.வி. ராஜேந்திரன் இயக்கம், ஜெய்சங்கர், நாகேஷ். நாடகத்திலிருந்து வந்ததால் வசனம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். பேசிக்கொண்டே பார்த்தால் பாதி போய்விடும்.

அடுத்து வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 'மெட்ராஸ்', 'வட சென்னை' எல்லாம் பார்த்து நம்ம பேட்டையைத் திரையில் பார்த்த சந்தோஷம் உங்கள் தம்பிக்கு இருக்கும். அவருக்கு துரை இயக்கிய 'பசி' (1979) போட்டுக் காட்டுங்கள். குப்பை பொறுக்கும் பெண் குப்பம்மாவாக ஷோபா. அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. ரிக்‌ஷாக்காரராக டெல்லி கணேஷ். சென்னைக் குடிசைப்பகுதி மக்களின் பேச்சை, கேலிக்குப் பயன்படுத்தாமல், அவர்கள் துக்கத்தையும் கோபத்தையும் ஆசையையும் சொல்லும் பேச்சாகவே வைத்த படம். சினிமாவில் நம்ம பாஷை என்றாலே காமெடியன் பேசுவது என்று எத்தனை வருடம் வைத்திருந்தார்கள்! அதற்கு நடுவில் இப்படி ஒரு படம் வந்திருக்கிறது என்பதே இங்கே பல வீடுகளுக்குத் தெரியாது.

எண்ணூர், மணலிப் பக்கம் காற்றை மூச்சில் வாங்கியவர்கள் பார்க்க வேண்டியது 'ஏழாவது மனிதன்' (1982). ஹரிஹரன் இயக்கம். 'பாட்ஷா'வில் மார்க் ஆண்டனியாக மிரட்டிய ரகுவரன் கதாநாயகனாக நடித்த முதல் படம் இதுதான். கிராமத்துப் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலை, அதன் தூசி, அதில் வேலைக்கு வரும் இளம் இன்ஜினீயர். பாட்டு அத்தனையும் பாரதியார் வரிகள், எல். வைத்தியநாதன் இசை. கதை நடப்பது தெற்கே. ஆனால் வேலையும் அங்கேதான், இருமலும் அங்கேதான் என்று இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஜனங்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைதான் ஞாபகம் வரும்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) சொந்தமாக ஒரு சுவராவது எழுப்பியவர்களுக்கு. 'நம்மவர்' எடுத்த கே.எஸ். சேதுமாதவனின் 'மறுபக்கம்', இந்திரா பார்த்தசாரதியின் கதை, சிவகுமார் நடித்தது. சிறந்த படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையைத் தமிழுக்கு முதலில் வாங்கித் தந்தது அது. இவை இரண்டும் நிதானமான படங்கள். எடுத்த எடுப்பில் போடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் மற்றதைப் பார்த்துக் கண் பழகட்டும், அப்புறம் போடலாம். கடையில் இருந்தபோதும் முதல் தடவை வருகிறவருக்கு நான் இவற்றைக் கொடுத்ததில்லை.

கொஞ்சம் புதிய படங்களில், பார்த்திபனின் 'ஹவுஸ்ஃபுல்' (1999). தியேட்டருக்குள் வெடிகுண்டு, உள்ளே படம் பார்க்கும் ஜனம், தியேட்டரைப் பெற்ற பிள்ளை மாதிரி நேசிக்கும் முதலாளி. தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு, 2020இல் அகஸ்தியா தியேட்டர் மூடப்பட்டதைப் பார்த்த உங்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 'பாரதி' எடுத்த ஞான ராஜசேகரனின் 'முகம்' (1999), நாசர் நடித்தது. முகம் கோரமாக இருப்பதால் ஒதுக்கப்பட்டவனுக்கு ஒரு முகமூடி கிடைக்கிறது, அதைப் போட்டதும் ஊர் கொண்டாடுகிறது. வீட்டில் குழந்தைகள் வந்திருந்தால் சந்தோஷ் சிவனின் 'மல்லி'. பேச முடியாத தோழிக்காகக் காட்டில் நீல மணி தேடும் சிறுமி. பேசுவதை விடப் பார்ப்பதுதான் அதிகம் அதில்.

சரி, டிஸ்க் எங்கே, எப்படி வாங்குவது? பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் இப்போது பெரும்பாலும் போனும் சார்ஜரும்தான். ஆனாலும் விசாரித்தால் பழைய சரக்கு வைத்திருப்பவர்கள் கிடைப்பார்கள். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டிலும் பழைய பொருள் விற்பவர்களிடம் கேளுங்கள். வாடகைக் கடையை மூடியவர்கள் மூட்டையாகப் போட்டுவிட்டுப் போன டிஸ்குகள் அங்கங்கே கிடக்கின்றன. மோசர் பேயர் என்ற டிஸ்க் கம்பெனி 2007இல் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று ஒரிஜினலைக் கொண்டுவந்தபோது பழைய தமிழ்ப் படங்கள் நிறைய டிஸ்கில் ஏறின. அந்தக் கவர்களைக் கண்டால் விடாதீர்கள். ஐங்கரன், ஏபி இன்டர்நேஷனல், ராஜ் வீடியோ விஷன் பெயர்களையும் பாருங்கள். எல்லாப் படமும் டிஸ்கில் கிடைத்துவிடாது. கிடைப்பதை வைத்து வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

'அஞ்சு படம் ஒரே டிவிடி' என்று விற்கும் திருட்டு டிவிடியை வாங்காதீர்கள். உழைத்தவனுக்குக் காசு போகாது என்பது ஒன்று. படமும் தேறாது என்பது இன்னொன்று. சாதாரண ஓரடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி இடம். அதில் ஐந்து படத்தைத் திணித்தால் ஒன்றுக்கு ஒரு ஜிபிகூட இல்லை. ஈரடுக்கு டிஸ்கில் 8.5 ஜிபி வரை ஒரே படத்துக்குக் கொடுக்கலாம். வின்சென்ட்டின் நிழல்கள் திருட்டு டிஸ்கில் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். டிஸ்கைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனியில் அச்சடித்தது வெள்ளி நிறமாக இருக்கும், வீட்டில் எழுதியது பெரும்பாலும் ஊதா அல்லது பச்சை கலந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசிக்குத்து மாதிரி துளைகள் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விட்டது, வேண்டாம். மையத்திலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறல் அவ்வளவாகக் கெடுக்காது. வட்டமாக, தடத்தோடு ஓடும் கீறல்தான் படத்தை நிறுத்தும். துடைக்கும்போதும் அதே கணக்கு: மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேராக, சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. நம் பக்கம் கடல் காற்று வேறு. டிஸ்கைப் பெட்டிக்குள் போட்டு மூடி வையுங்கள்.

ஓடும் நேரத்தைப் பார்த்துச் சிலர் 'படத்தை வெட்டிட்டான்' என்று சண்டைக்கு வருவார்கள். சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). பால் (PAL) என்ற டிவி முறையில் போட்ட டிஸ்கில் அது 25ஆக ஓடும். அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், எதுவும் வெட்டுப்பட்டிருக்காது. அதற்கும் மேலே பத்து, பதினைந்து நிமிடம் குறைந்தால்தான் பாட்டையோ காட்சியையோ எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

முக்கியமான ஒன்று, புது டிவியில் பழைய படத்தை இழுத்துப் பரப்பாதீர்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்களின் திரை ஏறக்குறைய சதுரம். டிவி ரிமோட்டில் திரை அளவை 4:3 என்று மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு வரும், வரட்டும். அந்த மாற்றம் செய்யாமல் பார்த்தால் பண்டரிபாய் முகம் பூசணிக்காய் மாதிரி அகன்று போய், "பழைய படமே இப்படித்தான்" என்று தம்பி எழுந்து போய்விடுவார். புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கேபிள் செருக இடமில்லை என்றால் ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேற்று மொழிப் படம் வேண்டும் என்றால் மத்திய அரசின் திரைப்பட நிறுவனமான என்எஃப்டிசி 'சினிமாஸ் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் சீர்செய்து வெளியிட்ட டிவிடிகள் தரமானவை. 'ஜானே பீ தோ யாரோ' (1983) என்ற இந்திப் படம் அதில் உண்டு. பாட்டியால் சப்டைட்டில் படிக்க முடியாது என்பதால் அதை நீங்களும் தம்பியும் தனியாகப் பார்க்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய டிஸ்கைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 'வீடு' உட்படத் தன் படங்கள் சிலவற்றின் நெகட்டிவ்கூட இன்று இல்லை என்று பாலு மகேந்திராவே வேதனையோடு சொல்லியிருக்கிறார். தேசிய விருது வாங்கிய படத்துக்கே அந்தக் கதி. யாரோ ஒருவர் அலமாரியில் இருக்கும் டிஸ்க்தான் சில படங்களுக்கு மிச்சம்.

முதல் ஞாயிறு 'அந்த நாள்', அடுத்தது 'கலை அரசி', அப்புறம் 'விடிஞ்சா கல்யாணம்', அதற்கப்புறம் 'பசி' என்று வைத்துப் பாருங்கள். யார் கடைசி வரை உட்கார்ந்தார்கள், யார் நடுவில் எழுந்து போனார்கள் என்று எழுதுங்கள், அதை வைத்து அடுத்த படங்களைச் சொல்கிறேன்.